கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது

அமெரிக்க காங்கிரஸின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களுக்கு,

2025 டிசம்பரில் நிறைவேறிய பாதுகாப்பு மசோதாவில் இரண்டு பழைய போர் அனுமதிகளை ரத்துசெய்தீர்கள். ஒன்று 1991 வளைகுடாப் போருக்குக் கொடுத்தது, இன்னொன்று 2002ல் இராக்குக்காகக் கொடுத்தது. சதாம் உசேன் தூக்கில் தொங்கி 19 வருஷம் ஆகிறது. அவரோடு சண்டை போடக் கொடுத்த அனுமதியை இப்போதாவது திரும்ப வாங்கினீர்களே, சரி. ஆனால் இன்றும் உயிரோடிருக்கிற அனுமதி, செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2001ல் கொடுத்தது. அதை நீங்கள் தொடவே இல்லை. ஏறத்தாழ 90,000 கோடி டாலர் மசோதாவில் அதை ரத்துசெய்ய ஒரு வரிக்கு இடமில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2009ல் அமெரிக்க ராணுவம் என்னைச் சேர்த்துக்கொண்டதே எனக்குத் தமிழ் தெரியும் என்பதால்தான். அப்போது மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது. கிரீன் கார்டு இல்லாமல் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்களில், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்தவர்களையும் மருத்துவத் தொழில் தெரிந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. முகம் தெரியாத ஒருவரிடம் டெலிபோனில் அரைமணி நேரம் தமிழ் பேசிக் காட்டினேன். பத்து வாரப் பயிற்சி முடிந்ததும் குடியுரிமை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் ஒரு அதிகாரிகூட என்னிடம் ஒரு தமிழ் வார்த்தை கேட்டதில்லை. ஆகவே நானே எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்களில் மூன்று பேருக்குத் தபாலில் வந்திருக்கிறது. ஒருவரிடமிருந்து பதிலும் வந்தது. 'உங்கள் சேவைக்கு நன்றி' என்று ஆரம்பித்து அதே வரியில் முடிந்த பதில்.

நான் லிபரல். 2012 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் உங்கள் கட்சிக்கே ஓட்டுப் போட்டவன். குடியரசுக் கட்சியிடமிருந்து நான் எதிர்பார்ப்பது குறைவு, அதனால் கோபமும் குறைவு. உங்கள் மீதுதான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

ராணுவத்தில் நான் பார்த்தது சப்ளை வேலை. படத்தில் வருகிற மாதிரி எதுவும் கிடையாது. ஒரு கன்டெய்னர், ஒரு மேசை, ஒரு பிரின்டர், நாள் முழுக்கத் தூசி. அந்த வேலைக்கு ஒரே விதிதான்: கையெழுத்து இல்லாமல் எந்தப் பொருளும் வெளியே போகாது. துப்பாக்கி, கூடாரம், ஜெனரேட்டர், ஸ்பேனர் செட் எதுவானாலும் ஹேண்ட் ரிசீட் என்ற தாளில் வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டும். தொலைந்தால் யார் பொறுப்பு என்று அந்தத் தாள் சொல்லும். சில நேரம் சம்பளத்திலேயே பிடிப்பார்கள்.

2012ல் கிழக்கு ஆப்கானிஸ்தானில் ஒருநாள் இருட்டில் பார்க்க உதவும் ஒரு நைட் விஷன் கருவியைக் காணவில்லை. கேம்ப் கேட்டைச் சாத்திவிட்டார்கள். கம்பெனி முழுவதும், நூற்றுச் சொச்சம் பேர், தோளோடு தோள் வரிசையாக நின்று சரளைக்கல்லைக் காலால் கிளறிக்கொண்டே நடந்தோம். இரவு இரண்டு மணிக்கு ஒரு வண்டியின் சீட்டுக்கு அடியில் கிடைத்தது. கிடைத்த பிறகும் விசாரணை நின்றபாடில்லை. ஏன் அங்கே இருந்தது, யார் வைத்தது, கையெழுத்து யாருடையது?

அதே வருஷம் எங்கள் கம்பெனியில் ஒருவர் இறந்தார். அவருடைய உடைமைகளைக் கணக்கெடுத்து வீட்டுக்கு அனுப்ப நியமிக்கப்பட்ட அதிகாரிக்கு உதவியாக உட்கார்ந்தேன். சாக்ஸ் ஏழு ஜோடி. தேய்ந்த பூட்ஸ் ஒரு ஜோடி. பாதி பாக்கெட் பேட்டரி. மகள் கிரேயானில் வரைந்த மஞ்சள் யானை ஒன்று. 'காகிதம், ஒன்று' என்று எழுதவா என்று கேட்டேன். யானை என்றே எழுதச் சொன்னார் அந்த அதிகாரி. கீழே இரண்டு கையெழுத்து. இறந்தவருக்கு 22 வயது. அவரை அங்கே அனுப்பக் காரணமான அந்த 2001 அனுமதித் தீர்மானத்துக்கு உங்கள் அவை ஓட்டுப் போட்டபோது அவர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ இருந்திருப்பார்.

அந்தத் தீர்மானத்தை நான் ஊர் திரும்பிய பிறகுதான் முதன்முறையாக வாசித்தேன். அதன் உயிர்ப்பகுதி ஆங்கிலத்தில் 60 சொற்கள். எங்கள் நைட் விஷன் ஹேண்ட் ரிசீட்டில் அதைவிட அதிகச் சொற்கள் இருந்தன. செப்டம்பர் 11 தாக்குதலைத் திட்டமிட்டவர்கள், நடத்தியவர்கள், உதவியவர்கள், அவர்களுக்கு இடம் கொடுத்தவர்கள் என்று அதிபர் யாரைத் தீர்மானிக்கிறாரோ அவர்கள் மீது படைபலம் பயன்படுத்தலாம் என்பது சாரம். அதில் ஒரு நாட்டின் பெயர் இல்லை, முடிகிற தேதியும் இல்லை. 2001 செப்டம்பர் 14 அன்று செனட்டில் 98க்கு 0, பிரதிநிதிகள் சபையில் 420க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த ஒன்று உங்கள் கட்சிக்காரர், கலிபோர்னியாவின் பார்பரா லீ. இது எல்லையில்லாத வெற்றுக் காசோலை என்று அப்போதே சொன்னார். கொலை மிரட்டல்கள் குவிந்து, அவருக்குப் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

அவர் பயந்தது அப்படியே நடந்தது. ஏமன், சோமாலியா, லிபியா, சிரியா, நைஜர் என்று அந்த 60 சொற்கள் ஊர் ஊராகப் போயின. 2018ல் காங்கிரஸின் சொந்த ஆராய்ச்சிப் பிரிவு எடுத்த கணக்கின்படி 19 நாடுகள். 2001ல் ஐஎஸ் என்ற அமைப்பே கிடையாது. 'கூட்டாளிப் படைகள்' என்று அரசு வழக்கறிஞர்கள் இப்போது எடுத்ததற்கெல்லாம் சொல்கிறார்களே, அந்தச் சொல்லை 60ல் தேடிப்பாருங்கள். இருக்காது. அவர்களாகச் சேர்த்துக்கொண்டது.

2017 அக்டோபரில் நைஜர் நாட்டின் டோங்கோ டோங்கோ கிராமத்தருகே நான்கு அமெரிக்க வீரர்கள் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். அங்கே நம் படை இவ்வளவு பேர் இருப்பதே தெரியாது என்று குடியரசுக் கட்சியின் லிண்ட்சி கிரஹாம் சொன்னார். உங்கள் கட்சியின் செனட் தலைவர் சக் ஷூமரும் தெரியாது என்றே சொன்னார். நான் ஒரு கேம்ப்பில் எத்தனை கட்டில் இருக்கிறது என்று தெரியாது என்று சொல்லியிருந்தால் மறுநாளே என் பட்டையைப் பிடுங்கியிருப்பார்கள்.

இதையெல்லாம் புஷ் மீதும் டிரம்ப் மீதும் போட்டுவிட்டு நாம் தூங்கப் போக முடியாது. லிபியாவை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதிகம் வலிப்பது அதுதான், ஏனென்றால் அதைச் செய்தவர் நான் நேசித்த அதிபர். 2011 மார்ச்சில் ஒபாமா குண்டுவீச்சைத் தொடங்கினார். 1973ல் அதிபர் நிக்சன் வீட்டோ போட்டுத் தடுத்ததையும் மீறி நீங்கள் கொண்டுவந்த போர் அதிகாரத் தீர்மானப்படி, 60 நாளுக்குள் காங்கிரஸ் அனுமதிக்காவிட்டால் படையைத் திரும்ப அழைக்க வேண்டும். மே மாதத்தில் 60 நாள் முடிந்தது. குண்டுவீச்சு முடியவில்லை. வெளியுறவுத் துறையின் சட்ட ஆலோசகர் ஹெரால்ட் கோ உங்கள் செனட் குழு முன்னால் வந்து, இங்கே நடப்பது சட்டத்தில் சொல்லியிருக்கிற பொருளில் 'சண்டை' ஆகாது என்று வாதாடினார். மேலேயிருந்து குண்டு போடுகிறோம், கீழேயிருப்பவர்களால் நம்மைத் திருப்பி அடிக்க முடியவில்லை, தரைப்படை இல்லை, ஆகவே சண்டை இல்லை. இதை ஒரு குடியரசுக் கட்சி வழக்கறிஞர் சொல்லியிருந்தால் நீங்கள் எழுப்பியிருக்கும் கூச்சல் எனக்குத் தெரியும்.

அதே நாட்களில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 2011 ஜூன் 24, ஒரே நாள். லிபியப் போருக்கு அனுமதி கொடுக்கலாமா என்று பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு: ஆதரவு 123, எதிர்ப்பு 295. அனுமதி இல்லை. சரி, அப்படியானால் அந்தப் போருக்கான பணத்தைக் கட்டுப்படுத்தலாமா என்று அடுத்த ஓட்டெடுப்பு: ஆதரவு 180, எதிர்ப்பு 238. அதுவும் இல்லை. அனுமதியும் கிடையாது, தடையும் கிடையாது. போர் நன்றாகப் போனால் நாங்கள் தடுக்கவில்லையே என்று சொல்லலாம், கெட்டுப்போனால் நாங்கள் அனுமதிக்கவில்லையே என்றும் சொல்லலாம். எங்கள் சப்ளை அறையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. அச்சில் ஏற்ற முடியாத பெயர்.

2014ல் ஐஎஸ் மீது போர் தொடங்கியது. அதற்கென்றே ஒரு தீர்மான வரைவை 2015 பிப்ரவரியில் ஒபாமாவே அனுப்பிவைத்தார். காங்கிரஸ் அதை ஓட்டுக்கே விடவில்லை. வர்ஜீனியாவின் செனட்டர் டிம் கெயின் போன்ற சிலர் கத்திக்கொண்டே இருந்தார்கள். மற்றவர்களுக்கு, 2002 இராக் ஓட்டு பிறகு தேர்தலில் தங்கள் தலைவர்களை என்ன பாடுபடுத்தியது என்ற நினைவுதான். அந்தச் சூட்டிலிருந்து நீங்கள் கற்ற பாடம், தவறாக ஓட்டுப் போடக்கூடாது என்பதாக இருந்திருக்க வேண்டும். ஓட்டே போடாமலிருப்பது நல்லது என்று கற்றுக்கொண்டீர்கள்.

2021 ஆகஸ்ட் 29. காபூலில் அமெரிக்க ட்ரோன் தாக்குதல். வெள்ளை டொயோட்டா கொரோலா ஒன்று. வெடிகுண்டு என்று சந்தேகப்பட்டது தண்ணீர் கேன்கள். பத்துப் பேர் இறந்தார்கள், அவர்களில் ஏழு பேர் குழந்தைகள். முதலில் நியாயமான தாக்குதல் என்றார்கள். பத்திரிகைகள் தோண்டி எடுத்த பிறகு, செப்டம்பர் 17 அன்று தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் முடிவு வந்தது: யார் மீதும் நடவடிக்கை இல்லை. ஆப்கானிஸ்தானை விட்டு வெளியேற பைடன் எடுத்த முடிவை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு நைட் விஷனுக்காக நூறு பேரை இரவெல்லாம் நடக்கவிட்ட ராணுவத்தில் இருந்தவன் நான். பத்து உயிர் போனதற்கு ஒரு கையெழுத்தும் தேவைப்படவில்லை என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. அந்த அதிபர் நம் கட்சி. உங்களில் எத்தனை பேர் அன்றைக்கு எழுந்து கேட்டீர்கள்?

2024 ஜனவரியில் ஏமனில் ஹூத்தி கிளர்ச்சிப் படையினர் மீது பைடன் குண்டு வீசியபோதும் உங்களைக் கேட்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் ரோ கன்னா போன்ற சிலர் கேள்வி எழுப்பினார்கள், பெரும்பாலோர் மௌனம். 2025 ஜூன் 22ல் டிரம்ப் இரானின் ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்கள் மீது குண்டு வீசினார். இதற்கு 2001 தீர்மானத்தைக்கூட அவர் காட்டவில்லை, தன் அதிபர் அதிகாரமே போதும் என்றார். ஐந்து நாள் கழித்து டிம் கெயின் கொண்டுவந்த தீர்மானம் செனட்டில் 47க்கு 53 என்று தோற்றது. அன்று உங்களில் ஏறத்தாழ எல்லோரும் சரியான பக்கம் நின்றீர்கள். பாராட்டத்தான் நினைத்தேன். ஆனால் பதினெட்டு மாதம் முன்னால் இதே கேள்விக்கு இதே ஆட்கள் எங்கே போனார்கள் என்ற எண்ணம் குறுக்கே வந்துவிட்டது. வெள்ளை மாளிகையில் எதிர்க்கட்சி உட்கார்ந்திருக்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் மனசாட்சியை, எதிர்க்கட்சிக்காரர்கள் மட்டுமல்ல, என் மாதிரி ஆட்களும் இனி நம்பத் தயாராக இல்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஏவுகணை வந்துகொண்டிருக்கும்போது 535 பேரைக் கூட்டி விவாதிக்க முடியுமா என்பீர்கள். யாரும் அதைக் கேட்கவில்லை. தாக்கப்பட்டால் திருப்பித் தாக்க அதிபருக்கு உரிமை உண்டு. பல மாதம் திட்டமிட்டுத் தொடங்குகிற, பல வருஷம் நீள்கிற போர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ஓட்டுப் போட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்றும் கேட்பீர்கள். ஆகாது. 1964ல் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்று நிறைவேறி, வியட்நாமில் 58,000 அமெரிக்கர்களையும் பல லட்சம் வியட்நாமியர்களையும் புதைத்தது. எதிர்த்த இருவர் ஒரேகனின் வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங். இருவரும் உங்கள் கட்சி. இருவரும் 1968ல் பதவியை இழந்தார்கள். உங்கள் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் பாருங்கள், 60 வருஷம் கழித்து ஒரு தமிழன் அந்த இரண்டு பெயரையும் எடுத்துச் சொல்ல முடிகிறது. ஓட்டு பதிவானதால்தான் முடிகிறது. பார்பரா லீ விஷயத்தில் அந்தப் பயமும் பொய்த்துப்போனது. 2001க்குப் பிறகும் அவருடைய தொகுதி மக்கள் அவரைத் திரும்பத் திரும்ப ஜெயிக்க வைத்தார்கள். 2017ல் அவர் கொண்டுவந்த ரத்துத் திருத்தம் நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் குடியரசுக் கட்சிக்காரர்களும் ஆதரித்து நிறைவேறியது, தெரியுமல்லவா? சபை மேலிடம் பிறகு சத்தமில்லாமல் அதை மசோதாவிலிருந்து எடுத்துவிட்டது.

ஒன்றை நினைவுபடுத்த வேண்டும். ராணுவத்தில் சேரும்போது நான் வலது கையைத் தூக்கி அரசியல் சாசனத்தைக் காப்பேன் என்று உறுதி சொன்னேன். அதிபரின் உத்தரவுக்குக் கீழ்ப்படிவேன் என்றும் சொன்னேன். நீங்கள் பதவியேற்கும்போது முதல் வாக்கியத்தைத்தான் சொல்கிறீர்கள். இரண்டாவது உங்கள் உறுதிமொழியில் இல்லவே இல்லை. கீழ்ப்படிய வேண்டியவன் நானாக இருந்தேன். போரை அறிவிக்கும் அதிகாரத்தைச் சாசனம் உங்கள் கையில் வைத்திருக்கிறது. கடைசியாக நீங்கள் முறைப்படி போர் அறிவித்தது 1942 ஜூனில்.

ஆப்கானிஸ்தானில் அந்தக் கேம்ப்பில் என்னோடு தமிழ் பேச ஒரே ஓர் ஆள் இருந்தார். சாப்பாட்டுக்கூடத்தில் முட்டை போடுபவர், தொண்டிப் பக்கத்துக்காரர், துபாய் ஏஜென்ட் ஒருவர் மூலம் வந்தவர். அவரைப் போல ஒப்பந்தத்தில் வந்தவர்கள் ஆப்கானிஸ்தானில் பல சமயம் நம் படையினரைவிட அதிகம். இறந்தால் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. தொழிலாளர் துறையின் காப்பீட்டுக் கோரிக்கைகளில் ஓர் எண்ணாக வரும். ஒருநாள் தட்டை நீட்டியபோது அவர் கேட்டார்: "தம்பி, உங்க நாட்டுக்காரங்க எப்பத்தான் கெளம்புவாங்க?" எனக்குக் குடியுரிமை கிடைத்து அப்போது இரண்டு மூன்று வருஷம்தான். அமெரிக்காவை என்னிடம் 'உங்க நாடு' என்று முதலில் சொன்னவர் அவர்தான். பதில் தெரியாமல் தட்டை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

நான் கேட்பது இவைதான். 2001 தீர்மானத்தை ரத்துசெய்யுங்கள். ஆறு மாதத் தவணை வைத்துக்கூடச் செய்யலாம், ஆனால் தேதியோடு செய்யுங்கள். அதன் இடத்தில் வேறொன்று வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தால், எந்த நாடு, எந்த அமைப்பு என்று பெயர் எழுதுங்கள். இரண்டு வருஷத்தில் தானாகக் காலாவதி ஆகட்டும், வேண்டுமென்றால் மறுபடி ஓட்டுப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் பெயர் சொல்லிப் பதிவாகும் ஓட்டாக இருக்க வேண்டும், குரல் ஓட்டு வேண்டாம்.

60 நாள் விதிக்குப் பல் வையுங்கள். அனுமதி இல்லாமல் 60 நாள் தாண்டினால் அந்தப் போருக்கான பணம் தானாக நிற்கும் என்று சட்டம் எழுதுங்கள். அதிபர் வீட்டோ செய்வார், தெரியும். உங்கள் கட்சி அதிபர் இருக்கும்போது எழுதுங்கள். அவரும் வீட்டோ செய்தால் அதையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

2018லிருந்து எல்லா வருஷமும் பென்டகன், அதாவது பாதுகாப்புத் துறை, முழுத் தணிக்கையில் தோற்கிறது. தணிக்கையில் தேறும் வரை கேட்டதைவிட அதிகமாக ஒரு டாலரும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். காபூல் தாக்குதல் பற்றி ஒரு முழு நாள் திறந்த விசாரணை நடத்துங்கள், அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர்களை அழைத்து அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்யுங்கள்.

கடைசியாக, இது என் சொந்த விஷயம். எனக்கு இவ்வளவு சீக்கிரம் குடியுரிமை கிடைத்ததற்குக் காரணம், 2001 செப்டம்பர் 11 முதல் நாடு போர்க்காலத்தில் இருக்கிறது என்று புஷ் 2002 ஜூலையில் போட்ட ஓர் உத்தரவு. அதற்கு முடிவுத் தேதி இல்லை. இன்று ராணுவத்தில் சேரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அதே உத்தரவுதான் கைகொடுக்கிறது. போர் முடிந்தது என்று எவரேனும் அறிவித்தால் அவர்களுடைய வழி நீண்டுவிடும். படையில் சேர்பவருக்குக் குடியுரிமையை, போர் நடந்தாலும் நடக்காவிட்டாலும், உடனே கொடுக்கும்படி சட்டத்தை மாற்றுங்கள். எங்களுக்குப் பாஸ்போர்ட் கிடைப்பதற்காக ஒரு போர் முடியாமலிருக்க வேண்டாம்.

பதில் எழுதினால் 'உங்கள் சேவைக்கு நன்றி' என்ற வரியை விட்டுவிடுங்கள். 2001 தீர்மானத்தை ரத்துசெய்ய ஓட்டுப் போடுவீர்களா, மாட்டீர்களா என்று ஒரே சொல்லில் எழுதி, கீழே உங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உதவியாளர் வைக்கும் ரப்பர் ஸ்டாம்ப்பை நான் கன்டெய்னர் மேசையிலேயே ஏற்றுக்கொண்டதில்லை.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் சப்ளை சார்ஜன்ட்